மூச்சுத் திணறும் அடுப்புக்கு முதல் குற்றவாளி வினையூக்கி அல்ல

புகையையும் எரியவைக்கும் வினையூக்கி பொருத்திய விறகு அடுப்புகளைச் செய்பவர்களுக்கும், விற்பவர்களுக்கும், வீடு தேடி வந்து பொருத்துபவர்களுக்கும்,

வணக்கம். ஒன்டாரியோவில், நகரத்தை விட்டு விலகிய ஒரு வீட்டில் ஏழு குளிர்காலங்களாக உங்கள் அடுப்பில் விறகு எரிக்கிறேன். அடுப்பின் மேல் எனக்குக் குறையில்லை. அது மூச்சுத் திணறும்போது நீங்கள் சொல்லும் வைத்தியத்தின் மேல்தான் குறை.

ஒரு ஜனவரியில் தீ மந்தமானது, கண்ணாடி கறுத்தது, கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடித்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். எதிர்முனையில் ஒரு கேள்விகூட இல்லை. “வினையூக்கி போயிருக்கும், மாற்றிவிடுங்கள்.” 300 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி மாற்றினேன். அன்று மாலையே மறுபடியும் புகை. கடைசியில் புகைபோக்கி சுத்தம் செய்பவர் கூரையேறி மூடியைக் கழற்றினார். பறவைகள் நுழையாதிருக்கப் போட்ட கம்பிவலையின் கண்கள் ஏறக்குறைய எல்லாமே கிரியோசோட் என்னும் புகைக் கரிப் படிவால் அடைபட்டிருந்தன. தட்டியதும் கருகிய அப்பளம்போல நொறுங்கி விழுந்தது. கீழே வந்து அடுப்பை மூட்டினோம். தீ சீறிக்கொண்டு எழுந்தது.

உங்களில் யாரும் அன்று எனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. செயலிழந்த வினையூக்கி காற்றை மறிப்பதில்லை. பல்லேடியமோ பிளாட்டினமோ பூசிய தேன்கூட்டு அறைகள் வேலை செய்யாமல் போனால், புகை எரியாமல் அவற்றின் வழியே வெளியேறிவிடும், அவ்வளவுதான். காற்றை மறிப்பது சாம்பல் அடைத்த வினையூக்கி, அல்லது உடைந்து நொறுங்கிய வினையூக்கி. சாம்பல் என்றால், அடுப்பு முழுதாக ஆறிய பிறகு மென்மையான தூரிகையால் நீக்கிவிடலாம். 300 டாலர் தேவையில்லை.

அதுதான் காரணமா என்று அறிய அடுப்பிலேயே ஒரு நெம்புகோல் இருக்கிறது. பைபாஸ் கதவைத் திறந்தால் புகை வினையூக்கியைச் சுற்றிக்கொண்டு நேரே புகைபோக்கிக்குப் போகும். அப்படித் திறந்திருக்கும்போதும் தீ திணறினால் வினையூக்கியின் மேல் பழியில்லை. தடை அதற்கு அப்பால், குழாயிலோ கூரையிலோ வீட்டிலோ இருக்கிறது. திறந்திருக்கும்போது நன்றாக எரிந்து, மூடியதும் மங்கினால் வினையூக்கியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்: வினையூக்கி வேலை தொடங்கத் தேவையான சுமார் 260 பாகை செல்சியஸை எட்டுமுன் பைபாஸை மூடியிருந்தால் தவறு நம்முடையது. ஒரு நிமிடச் சோதனை இது. தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம்.

வீடு என்று சொன்னேன். எங்கள் வீட்டில் மிளகாய் தாளிக்கும்போது சமையலறையின் எக்ஸாஸ்ட் விசிறியை முழு வேகத்தில் வைப்போம். தும்மாமல் இருக்க வேறு வழியில்லை. இறுக்கமாகக் காப்பிடப்பட்ட வீடு; விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது உள்ளே காற்று வந்தாக வேண்டும். அதற்குப் புகைபோக்கியே வழியாகிவிடுகிறது. அடுப்புக்கு அருகிலுள்ள ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து பாருங்கள். உடனே தீ தெளிந்தால் அடுப்புக்கு நேரே வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் தேவை என்று பொருள். இதை நான் கண்டுபிடித்தது ரசம் வைத்த ஒரு மாலையில். விற்கும்போது நீங்கள் “வீட்டில் என்னென்ன விசிறிகள்?” என்று கேட்டதில்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்றும் கேட்டதில்லை.

விறகைப் பற்றி எங்களுக்குப் போதிய அளவு சொல்கிறீர்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழ் ஈரம் என்பது மனப்பாடம். ஆனால் ஈரமானியைப் புதிதாகப் பிளந்த உட்பக்கத்தில் குத்த வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. வெளிப்பக்கத்தில் 15 காட்டிய ஓக் கட்டை உள்ளே 28 காட்டியது. ஈர விறகு புகையைக் குளிர்விக்கும். குளிர்ந்த புகை மேலே போய் அந்த வலையில் படியும். உங்கள் அடுப்பு மெதுவாக, சிக்கனமாக எரிவதால் புகைபோக்கிக்குப் போகும் வெப்பம் ஏற்கனவே குறைவு. வலை அடைபட்டதில் எனக்கும் பங்குண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே கேட்பது இரண்டு. பொருத்தி முடித்த அன்றே, தீ நன்றாக எரியும்போது மானோமீட்டர் என்னும் அழுத்தமானியால், புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் இழுவையை அளந்து கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அது சுமார் 12 பாஸ்கல் என்று இருந்து, மூன்றாம் ஆண்டில் 5 என்று வந்தால், எதையும் விற்காமலே பாதி விடை கிடைத்துவிடும். புகைபோக்கி கூரையைத் துளைத்த இடத்திலிருந்து மூன்று அடி உயரமும், பத்து அடிக்குள் உள்ள எதையும்விட இரண்டு அடி கூடுதல் உயரமும் இருக்க வேண்டும் என்ற விதி காக்கப்பட்டதா என்பதையும், குழாயில் எத்தனை முழங்கை வளைவுகள் வைத்தீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள்.

இரண்டாவது, குறை சொல்லி அழைப்பவரிடம் உதிரிப்பாகத்தின் விலையைச் சொல்லுமுன் பைபாஸ், புகைபோக்கி மூடி, ஜன்னல், விறகு என்ற வரிசையில் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது உங்களுக்கு நட்டம் என்று தெரியும். ஆனால் இரண்டாவது அடுப்பை எங்கே வாங்குவது என்று என் மைத்துனர் இப்போது என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பழைய வினையூக்கியைச் செய்தித்தாளில் சுற்றிக் கராஜில் வைத்திருக்கிறேன். சென்ற நவம்பரில் அதையே மறுபடி பொருத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது. புதியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மனமிருந்தால் சொல்லுங்கள், பெட்டியைக்கூட எறியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்