கோயில் குட்டியாருக்கு சேர வேண்டிய சம்பளத்தைக் குடுங்க: எங்க சர்ச் நிர்வாகத்தைப் பாத்துக்கிற சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

விஷயம் உங்க எல்லாருக்கும் தெரியும், அதனால சுத்தி வளைக்கல. நம்ம சர்ச்சைக் கூட்டித் துடைச்சுப் பாத்துக்கிற கோயில் குட்டியார் அண்ணாச்சிக்கு பிப்ரவரியில இருந்து சம்பளம் போடல. பிரதிஷ்டைப் பண்டிகைக்குள்ள அந்த பாக்கியைக் குடுத்துருங்கன்னுதான் போன மீட்டிங்ல கேட்டேன். வேதத்துல எரேமியா தீர்க்கதரிசியோட 22ம் அதிகாரத்தை வாசிக்க ஆரம்பிச்சதுமே ஒருத்தர் "இது நிர்வாக விஷயம் தம்பி, வேதத்தை இதுல கொண்டு வராதீங்க"ன்னு சொல்லிட்டாங்க, அங்க இருந்த ஒருத்தர் கூட மறுத்துப் பேசல. அன்னைக்கு வாசிக்க முடியாததைத்தான் இங்க எழுதுறேன்.

தீர்க்கதரிசிங்க தலையிட்டதே நிர்வாக விஷயத்துலதான் ஐயா. கிமு 609ல எகிப்து ராஜா பார்வோன் நேகோ, யோயாக்கீமை யூதா தேசத்துக்கு ராஜாவா வச்சான், நூறு தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டம் போட்டான், யோயாக்கீம் அதை ஜனங்ககிட்ட வரியா வசூல் பண்ணித்தான் கட்டினான். ஜனம் அப்படி நசுங்கிக் கெடக்கிற காலத்துல அவன் தனக்கு மாளிகை கட்டினான், விசாலமான மேலறை, பெரிய பலகணி, கேதுருப் பலகை, அதுக்கு மேல சிவப்புச் சாயம், எல்லாத்துக்கும் வழி இருந்துச்சு, வேலை செஞ்சவனுக்குக் குடுக்கத்தான் கூலி இல்ல. "தன் அயலான் செய்யும் வேலைக்குக் கூலிகொடாமல் அவனைச் சும்மா வேலைகொள்ளுகிறவனுக்கு ஐயோ"ன்னு எரேமியா சொன்னது இந்த ராஜாவைப் பாத்துதான். யோயாக்கீமோட அப்பா யோசியா ராஜாவும் சாப்பிட்டாரு, குடிச்சாரு, நல்லாதான் இருந்தாரு, ஆனா ஏழையோட நியாயத்தை விசாரிச்சாரு, "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு"ன்னு கர்த்தரே கேக்கிறாரு. கர்த்தரை அறியிறதுக்கு அடையாளமா அந்த இடத்துல ஜெபத்தையோ உபவாசத்தையோ சொல்லல, எளியவனுக்கு நியாயம் செய்யிறதை மட்டும்தான் சொல்லியிருக்கு. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு பயமா இருக்கு.

அந்தக் காலத்துக் கூலிக்காரர் ஒருத்தரோட மனுவே மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சிருக்கு. 1960ல இஸ்ரவேல் கடற்கரையில, யாவ்னேக்குப் பக்கத்துல மெசாத் ஹஷவ்யாகுங்கிற பழைய கோட்டையைத் தோண்டினப்ப, மையால எழுதின உடைஞ்ச பானை ஓடு கிடைச்சுது. கிமு ஏழாம் நூற்றாண்டோட கடைசி, எரேமியா வாழ்ந்த காலம். அறுப்புக்காரர் ஒருத்தர் அதிகாரிக்குக் குடுத்த மனு அது. சொன்ன வேலையை முடிச்சு தானியத்தை சேத்து வச்சிட்டேன், அதுக்கப்புறமும் என் வஸ்திரத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க, என்கூட வெயில்ல அறுத்த சகோதரங்க எல்லாரும் எனக்கு சாட்சி சொல்லுவாங்க, என் மேல தப்பு இல்ல, என் வஸ்திரத்தை திருப்பித் தர வைங்கன்னு, சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்லிக் கெஞ்சுறாரு. எடுத்துட்டுப் போனவன் பேர் அதுல இருக்கு, மனு குடுத்தவர் பேர் இல்ல. ராத்திரி போத்திக்க ஏழைக்கு வேற துணி இருக்காது, அடகு வாங்கினாலும் பொழுது சாயுறதுக்குள்ள திருப்பிக் குடுத்துருன்னு யாத்திராகமத்துலயே கட்டளை இருக்கு. அந்த அடகுத் துணியை பீடத்துக்குப் பக்கத்துல விரிச்சுப் படுத்தவங்களைத்தான் ஆமோஸ் தீர்க்கதரிசி அவ்வளவு கோபமா கண்டிச்சாரு.

நம்ம அண்ணாச்சி வீட்லயும் அடகு வச்சிருக்காங்க. மகளுக்கு காலேஜ் பீஸ் கட்ட சம்சாரத்தோட கம்மல் பேங்குக்குப் போயிருச்சு. போன ஞாயித்துக்கிழமை அந்த அக்கா காது ஓட்டையில ஈர்க்குச்சியை சொருகிட்டு கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க. அண்ணாச்சி ஆராதனைக்கு முன்னாடி நனைஞ்ச சாக்கை வச்சு புது கிரானைட் படியைத் துடைச்சிட்டு இருந்தாரு. அன்னைக்குப் பிரசங்கம் மல்கியா 3:10, தசமபாகத்தை, அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கைக் கொண்டு வாங்கன்னு. அஞ்சு வசனம் மேல போனா 3:5ல, கூலிக்காரரோட கூலியை அபகரிக்கிறவங்களுக்கு விரோதமா நானே தீவிரமான சாட்சியா இருப்பேன்னு கர்த்தர் சொல்றாரே, அதை ஏன் ஐயா யாரும் தொடல?

நம்ம சபை மட்டும்தான் இப்படின்னு நான் சொல்லல. புது வருஷ வாக்குத்தத்த அட்டையில நல்ல எதிர்காலம் தருவேன்னு சொல்ற எரேமியா 29:11 வீட்டுக்கு வீடு இருக்கு, கூலியைப் பத்தி மேல சொன்ன 22:13 போட்ட ஒரு அட்டையை நான் பாத்ததில்ல. கன்வென்ஷனுக்கு மேடை, எல்ஈடி ஸ்கிரீன், பாட்டு டீம் எல்லாத்துக்கும் பணம் பொரளுது, "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று"ன்னு ஆமோஸ்ல இருக்கிறது மேடையில நிக்கிற யாருக்கும் உறுத்தலையான்னு தெரியல. ஆமோஸைக்கூட பெத்தேல் ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவோட பரிசுத்த ஸ்தலம், இங்க பேசாதேன்னுதான் விரட்டினான்.

கோபத்துல வார்த்தை கூடியிருந்தா பெரியவங்க பொறுத்துக்கோங்க. கேக்கிறது ஒன்னுதான், பிப்ரவரியில இருந்து உள்ள சம்பள பாக்கியை பண்டிகைக்கு முன்னாடி முழுசா குடுத்துருங்க. பணம் பத்தலன்னா முகப்புல மீதி இருக்கிற கிரானைட் வேலையை நிப்பாட்டி வச்சிட்டாவது குடுங்க. இனிமே மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள அவர் கையில சம்பளம் போகணும்னு மினிட்ஸ்ல எழுதி வைங்க. இன்னொன்னும் தயவா கேட்டுக்கிறேன், இந்த மடலை நான் எழுதினது அண்ணாச்சிக்குத் தெரியாது, இதை வச்சு அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டுறாதீங்க.

இப்படிக்கு,
உங்க சபை அங்கத்தினன்