ஆபத்து என்பதைத் தமிழிலும் எழுதுங்கள்: மலைப்பாதைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எந்த மலை, எந்தத் தோட்டத்துக்கு மேலே போகும் பாதை என்று இங்கே நான் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் அந்தப் பாதை இடிந்தது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே நீங்கள் நட்டு வைத்திருக்கும் பலகையைப் பற்றியதுதான் இந்த மடல்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. கீரிமலைக்குப் பெயர்தான் மலை. அதனாலேயோ என்னவோ, மலைநாட்டின் விடியல் மேல் எனக்குத் தீராத ஆசை. சூரியன் தெரிய அரை மணித்தியாலத்துக்கு முன்பே வானம் நீலம் பிடிக்கும். பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும் மூட்டத்துக்கு மேலே முகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த நேரத்துக்கு மேலே நின்றால்தான் படம். அதற்கு இருட்டிலேயே ஏற வேண்டும். நான் தனியாகத்தான் போவேன். சத்தம் இல்லாமல் காத்திருந்தால், நம் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள்காதுச் சின்னான்கூடக் கைக்கெட்டும் தூரத்துக் கிளையில் வந்து உட்காரும்.

இந்த மாசியில் இரவு பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கிருந்து ஹட்டன் பக்கம் போய்த் தங்கினேன். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு ஏறத் தொடங்கினேன். பாதை தொடங்கும் இடத்தில் நுழைவுக் கட்டணப் பலகை இருக்கிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். தமிழில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டி, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இன்னொரு தகரம். சிவப்புப் பெயின்ற்றில் சிங்களத்தில் இரண்டு வரி. அவ்வளவுதான். தமிழ் இல்லை, ஆங்கிலம் இல்லை, ஒரு படம்கூட இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஏதோ அறிவித்தல் என்று நினைத்து நடந்துவிட்டேன்.

பின்னால் நாய் குரைத்தது. அப்புறம் ஒரு குரல். "தம்பி! அங்கிட்டு போகாதீங்க, பாதை இல்ல!" லயத்திலிருந்து ஒரு பெரியவர் என் வெளிச்சத்தைக் கண்டு ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. என் கையைப் பிடித்தபடியே டோர்ச்சை முன்னால் அடித்துக் காட்டினார். பத்தடிக்கு அப்பால் பாதை வெட்டி எடுத்தது போல நின்றிருந்தது. செம்மண்ணிலிருந்து வேர்கள் தொங்கின. கைபிடிக் குழாய் ஒன்று பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே வெளிச்சம் போய் எதிலும் படவில்லை.

"பலகை இருந்ததே ஐயா" என்றேன். "எங்களுக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாதுங்க தம்பி. இடிஞ்ச அன்னைக்குச் சத்தம் கேட்டுச்சு, அதனால தெரியும்" என்றார்.

அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் ஒரு நாள் வந்து போகிறவன். அவர்களோ அந்தத் தகரத்துக்குக் கீழேயே குடியிருக்கிறார்கள். விறகுக்கு அவர்கள் பிள்ளைகள் அந்தக் காட்டுக்குத்தான் போகிறார்கள். சுற்றியிருக்கும் சனம் தமிழ் வாசிக்கும் இடத்தில், காசு எவ்வளவு என்று தமிழில் சொல்ல முடிந்த உங்களுக்கு உயிர் போகும் என்று தமிழில் சொல்ல முடியவில்லையா?

தயவுசெய்து அந்த எச்சரிக்கையைத் தமிழிலும் எழுதுங்கள்.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி ஆகிவிட்டது. நான் ஒன்றும் சலுகை கேட்கவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களை மூடியதை நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தியில் பார்த்து அழுதோம். மண்சரிவு என்றால் என்ன என்று அந்தச் சனத்துக்கு நாம் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எங்கே, எப்போது என்பதை அவர்கள் மொழியில் சொன்னால் போதும். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், பொலிஸ் நிலையத்தில் பிழையான தமிழையும் இல்லாத தமிழையும் பார்த்துப் பழகிவிட்டோம். படிவம் விளங்காவிட்டால் இன்னொரு நாள் அலையலாம். மலையில் அந்த இன்னொரு நாள் கிடையாது.

கோபத்தில் எழுத்து எங்கேயோ போகிறது, மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்குமுன் அந்தத் தகரத்தை எடுத்துவிட்டு, மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்றை, இருட்டில் டோர்ச் பட்டால் மினுங்கும் எழுத்தில் வையுங்கள். பாதைக்குக் குறுக்கே ஒரு தடுப்பும் போடுங்கள்.

அன்று விடிந்த பிறகு தேயிலைக் கரையில் நின்று நான் எடுத்த மூன்று படங்களை இத்துடன் அனுப்புகிறேன்: கட்டணப் பலகை, சிவப்புத் தகரம், இடிந்த இடம். பலகைக்கான தமிழ் வாசகத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

ஆபத்து. மண்சரிவு. இதற்கு மேல் பாதை இல்லை. திரும்பிச் செல்லவும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து மலையேற வந்த ஒருவன்