வார்டில் கற்பிப்பதும் வேலைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளம் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளை விட்டு வெளிநாடு போவதைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளமும் பாதுகாப்பும் முக்கியக் காரணங்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு போதனா மருத்துவமனையில் நெடுங்காலம் பொதுமருத்துவம் பார்த்தும் கற்பித்தும் ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். போகிறவர்களில் பலர், தம்மைக் கைதூக்கி வளர்த்துவிட இங்கே ஆளில்லை என்று கண்ட பிறகே போகிறார்கள். வளர்த்துவிடக்கூடிய மூத்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு அதற்கான நேரம்தான் தரப்படவில்லை.

இந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர் இரண்டு ஆண்டு இன்டர்ன் என்னும் பயிற்சி மருத்துவர் பணியையும், 1998இல் தொடங்கிய, அரசு மருத்துவமனைகளில் செய்யும் ஓராண்டுக் கட்டாயச் சமூக சேவையையும் முடித்த பிறகே சுயமாகத் தொழில் செய்யலாம். நிபுணராக விரும்புகிறவர் ரெஜிஸ்ட்ரார் எனப்படும் நிபுணர் பயிற்சிப் பணியிடத்துக்குக் காத்திருந்து, அது கிடைத்தபின் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் உழைத்து, தேசிய அளவிலான தேர்வில் தேற வேண்டும். 2011 முதல் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு ஆய்வேடும் கட்டாயமாயிற்று. ஆராயத் தெரிந்த மருத்துவரே நல்ல மருத்துவர் என்ற எண்ணத்தில் வந்த விதி அது. அதில் எனக்கு உடன்பாடே. ஆனால் அந்த ஆய்வுகளுக்கு வழிகாட்ட வேண்டிய நிபுணர்களில் பலர் தாமே ஆய்வுப் பயிற்சி பெறாதவர்கள் என்பதை விதி வகுத்தவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தேர்விலும் தேறி, பயிற்சிக் காலமும் முடிந்து, ஆய்வேடு ஒன்று முடியாததால் நிபுணராகப் பதிவு செய்துகொள்ள முடியாமல் தவித்தவர்களை நான் அறிவேன்.

வார்டில் கற்பிப்பது என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய ஓர் உதாரணம் சொல்கிறேன். நெஞ்சில் நீர் கோத்த காசநோயாளிகள் எங்கள் வார்டுகளில் எப்போதும் இருப்பார்கள். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே விரலால் தட்டி அதைக் கண்டுபிடிக்கலாம். இடக்கை நடுவிரலை விலா எலும்புகளின் இடுக்கில் அழுத்திப் பதித்து, வலக்கை நடுவிரல் நுனியால் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்ட வேண்டும். நல்ல நுரையீரலின் மேல் தட்டினால் சத்தம் ஒலித்து அடங்கும். நீர் இருக்கும் இடத்தில் கல்லைத் தட்டியது போல் மந்தமாக நின்றுவிடும். சத்தத்தைவிட, அடியில் பதித்த விரல் உணரும் அந்த இறுக்கமே முதலில் காட்டிக் கொடுக்கும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வரும் இன்டர்ன் முழங்கையிலிருந்து ஓங்கித் தட்டுவார், நோயாளி முகம் சுளிப்பார். மூத்தவர் ஒருவர் அவர் கையைப் பிடித்து, நோயாளியிடம் அவருக்குப் புரியும் ஜூலு மொழியில் அனுமதி கேட்டு, ஒவ்வோர் இடுக்காக இறங்கிவந்து, ஒலி மாறும் கோட்டைப் பேனாவால் குறித்துக் காட்ட வேண்டும். ஒரு நோயாளிக்குக் கால் மணி நேரமாவது ஆகும். அடுத்த கட்டிலில் ஒருவர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது அந்தக் கால் மணி நேரத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் நிர்வாகத்தின் குறை வெளிப்படுகிறது. போதனா மருத்துவமனையின் மூத்த மருத்துவர் மாகாணச் சுகாதாரத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான ஊழியர். சுகாதாரத் துறை எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்று கேட்கிறது. பல்கலைக்கழகம் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார் என்று கேட்கிறது. அங்கீகாரம் பெற்ற இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு உயர்கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்கு மானியம் தருவதால், அந்தக் கேள்விக்குப் பண மதிப்பும் உண்டு. ஓர் இன்டர்னுக்கு விரலால் தட்டக் கற்றுக்கொடுத்தாரா என்று இருவருமே கேட்பதில்லை. பதவி உயர்வு விண்ணப்பத்தில் கற்பித்தல் என்ற தலைப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதன் கீழ் எழுதியதை யாராவது ஊன்றிப் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் முடக்கப்படும்போது முதலில் அடிபடுவதும் கற்பித்தல்தான். சமூக சேவையை முடித்த மருத்துவர்கள் வேலையின்றித் தெருவில் இறங்கிப் போராடுகிறார்கள். உள்ளே வார்டுகளில் ஆள் போதவில்லை. இருக்கிற ரெஜிஸ்ட்ரார்கள், மேற்பார்வையில் செய்த சிகிச்சைகளுக்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க மூத்தவரைக் கார் நிறுத்துமிடம்வரை துரத்திப் போகிறார்கள். அவரும் காரின் மேல் வைத்தே ஒரே மூச்சில் ஒரு மாதத்துக்கானதைக் கையெழுத்திட்டுத் தருகிறார். அதற்குப் பெயர் மேற்பார்வை!

இந்த மண்ணுக்குக் கற்பிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதியர் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தின் கிராமப்புறத்தில், போலேலாவில் தொடங்கிய சுகாதார மையம் நோயாளியைக் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்த்துப் பார்க்கக் கற்றுத்தந்தது. அங்கே பணியாற்றிய ஜான் காசல் பின்னர் அமெரிக்காவின் வட கரோலினாவில் நோய்ப்பரவலியல் துறையை வளர்த்தார். கார்க்கின் வழியில் வந்த மெர்வின் சசர், ஜீனா ஸ்டைன் இருவரும் நியூயார்க்கில் அத்துறையின் தூண்களானார்கள். நிறவெறி அரசின் காலத்தில் நாம் இழந்தது இவர்களை மட்டுமல்ல, இவர்கள் இங்கேயே இருந்திருந்தால் உருவாக்கியிருக்கக்கூடிய மாணவர்களையும்தான். இன்று யாரும் விரட்டவில்லை, தாமாகவே போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழிகாட்டியும் மதிப்பீட்டாளரும் ஒரே ஆளாக இருப்பது எங்கள் துறையில் பழகிப்போன தவறு. "எனக்கு இது தெரியவில்லை" என்று ஒரு ரெஜிஸ்ட்ரார் யாரிடம் மனம் விட்டுச் சொல்வாரோ, அவரே ஆண்டிறுதியில் தகுதி அறிக்கையும் எழுதுவார் என்றால் அந்தப் பேச்சு நடக்காது. நோயாளியின் முன்னால் இளையவரை அவமானப்படுத்தினால்தான் பாடம் மனத்தில் பதியும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் பதிவது பயம்தான். பயந்தவர் இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்க மாட்டார்.

இங்கு வாழும் இந்திய வம்சாவளியினரான நம் சமூகத்தின் பங்கும் இதில் உண்டு. எடின்பரோவில் படித்து 1936இல் டர்பன் திரும்பிய நம் பெண் மருத்துவர் டாக்டர் குணம் காலத்தில் மருத்துவம் படிக்க நம்மவர்கள் கடல் கடக்க வேண்டியிருந்தது. 1951இல் இங்கேயே வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின், டர்பனில் நம்மவர்கள் வாழும் பகுதிகளான சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் டாக்டர் இல்லாத குடும்பம் அரிது என்னும் அளவுக்குப் பெருமை கொள்கிறோம். ஆனால் பிள்ளை பல்கலைக்கழகத்தில் தங்கிக் கற்பிக்கப் போகிறேன் என்றால், "வாத்தியார் வேலைக்கா இவ்வளவு படிச்சே? ஒரு கிளினிக் போடேன்" என்கிறோம்.

மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் கலையில் பயிற்சி தருகிற சாஃப்ரி போன்ற திட்டங்கள் 2008 முதல் இந்நாட்டில் நடக்கின்றன. அவற்றில் தேர்ந்து வருகிறவர்களுக்கு வாரத்தில் அரை நாளையாவது கற்பித்தலுக்கென்று டியூட்டிப் பட்டியலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அரை நாளில் வார்டைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளும் நியமிக்க வேண்டும். மருத்துவப் பயிற்சிக்கென்றே தேசியக் கருவூலம் மாகாணங்களுக்குத் தனி மானியம் வழங்குகிறது. தங்கள் நிருபர் அடுத்த முறை மாகாணச் சுகாதாரத் துறையினரைப் பேட்டி காணும்போது, அந்தப் பணத்தில் எவ்வளவு கற்பிக்கும் நேரமாக மாறி வார்டுக்கு வந்து சேர்கிறது என்று கேட்டு, கிடைக்கும் பதிலைத் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுமருத்துவ நிபுணர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.