கிணற்றைத் தூர்க்காத பில்டருக்கு என்ன தருவீர்கள்?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு,

வணக்கம். நகர வளர்ச்சிக்கான உங்கள் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது, மூன்றாவது தயாராகிறது என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் போன வருடம் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். இரண்டு கிரவுண்டு மனை, பின்பக்கம் ஒரு மாமரம், மரத்தடியில் கிணறு. 2019 கோடையில் தெருவே குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது அந்த ஒரு கிணற்றில்தான் வாளி நனைந்தது. வீட்டுக்காரரும் பில்டரும் சேர்ந்து அடுக்ககம் கட்ட ஜாயின்ட் வென்ச்சர் பேசி முடித்த கையோடு, இடித்த செங்கல்லை எல்லாம் அதற்குள்ளேயே கொட்டி மூடிவிட்டார்கள். பில்டரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கிணற்றை விட்டுவைத்தால் அவருக்கு ஒரு கார் நிறுத்துமிடம் போச்சு, மூடினால் ஒரு பைசா நஷ்டமில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். எங்கள் அடுக்ககத்திலும் உண்டு, வரைபடத்தில். ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டியின் மூடியைப் பெயர்த்துப் பார்த்தோம்: கெட்டியாகிப்போன கலவை, நாலு சிமென்ட் சாக்கு. மொட்டைமாடிக் குழாயோ நேராகத் தெருக் கால்வாய்க்குப் போகிறது. சுற்றிலும் மதில்வரை பேவர் பிளாக்.

கட்டாயப்படுத்தியது போதும், கொஞ்சம் ஆசை காட்டுங்கள். 2019 கட்டட விதிகளின்படி சாலை அகலத்தைப் பொறுத்து, வழக்கமான அளவுக்கு மேல் 50 சதவீதம் வரை கூடுதல் தளப்பரப்பு கட்ட நீங்கள் கட்டணத்துக்கு அனுமதி தருகிறீர்கள். கிணற்றைத் தூர்க்காமல், மரத்தை வெட்டாமல், மனையில் ஒரு பங்கை வெறும் மண்ணாக விடுகிறவருக்கு அந்தக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தால் என்ன? நொய்டாவில் பெரிய மனைகளில் பசுமைக் கட்டடத்துக்கான உயர் தரச்சான்று வாங்கினால் 5 சதவீதம் கூடுதல் பரப்பு தருகிறார்கள். இங்கே 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்குத்தான் 10 சதவீதத் திறந்தவெளி விதி. ஒன்றிரண்டு கிரவுண்டில் எழும்பும் எங்கள் மாதிரித் தெருக்களை அது தொடுவதே இல்லை.

ஆனால் தள்ளுபடியை வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள், நம் ஊர் ஆட்கள் கிணற்றை அழகாக வரைந்து காட்டுவார்கள். முழுக் கட்டணத்தையும் முதலில் வாங்கிவைத்துக்கொண்டு, குடியேறிய பிறகு ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்ததும் ஆள் அனுப்பிக் கிணற்றில் நீர்மட்டம் பார்த்து, அப்புறம் திருப்பிக் கொடுங்கள். பணம் வர வேண்டியிருக்கிறது என்றால் எந்த பில்டரும் தொட்டியில் சாக்கைப் போட விடமாட்டார்.

இன்னொன்று, இந்தச் சலுகை பள்ளிக்கரணை ஓரத்துக்கோ ஏரிக்கரைக்கோ வேண்டவே வேண்டாம். 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கத்தில் 'பசுமை வீடு' என்று பலகை வைக்க இதுவே சாக்காகிவிடும். அங்கே கட்டாமல் இருப்பதுதான் பசுமை.

எங்கள் தெருக்கோடியில் இன்னும் ஒரு பழைய வீடு மிச்சமிருக்கிறது. அங்கேயும் கிணறு உண்டு. அதற்கும் விலை பேசி ஆள் வந்துபோவதாகக் கேள்வி.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்துக் குடியிருப்புவாசி ஒருவர்