துடைப்பத்துக்கு நீளப் பிடி போட்டால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகுவலிக்கு என்ன தைலம், என்ன ஆசனம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. அந்த வலியைத் தினமும் காலையில் கையில் கொடுக்கிற துடைப்பத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கடையில் தொங்கும் பூந்துடைப்பத்தைப் பாருங்கள், பிடி ஒரு முழம் இருந்தால் அதிகம், நுனியைப் பிடித்தாலும் இடுப்பு வளைந்தால்தான் புல் தரையில் படியும். வாசல் பெருக்கும் ஈர்க்குச்சி விளக்குமாற்றுக்கு அந்தப் பிடியும் கிடையாது.

தெருவில் தூய்மைப் பணியாளர்கள் அதே விளக்குமாற்றை மூங்கில் கழியில் கட்டி நின்றபடி பெருக்குவதைப் பார்க்கத்தான் செய்கிறோம். வீட்டுக்குள் மட்டும் ஏன் வரவில்லை? கேட்டால், "குனிஞ்சு பெருக்கினாத்தான் மூலைமுடுக்கு தெரியும்" என்பார்கள். மாப் வாங்கி வைத்துக்கொண்டே, வேலைக்கு வரும் அம்மாவை மட்டும் உட்கார்ந்து துணியால் துடைக்கச் சொல்கிறவர்களும் உண்டு (எங்கள் சொந்தத்திலேயே உண்டு, யாரென்று சொன்னால் சண்டை வரும்).

கலிபோர்னியா பண்ணை முதலாளிகளும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். லெட்யூஸ் என்ற கீரை வயலில் களையெடுக்கக் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்துதான் வேண்டும், நீளப் பிடி கொடுத்தால் செடி அடிபடும், வேலை சுத்தமாக இருக்காது என்று. நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்து முதுகெலும்பு கெட்டுப்போகிறது என மருத்துவர்கள் சாட்சி சொல்லி, வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-ல் குட்டைக் கொத்துக்கே தடை வந்தது. அப்புறமும் அங்கே லெட்யூஸ் விளையாமல் போய்விடவில்லை.

பிடியை நீட்டினால் மட்டும் போதாது, சரி. குப்பை அள்ளும் முறம் குட்டையாகவே இருந்தால் அறைக்கு அறை குனிய வேண்டியதுதான். மாப்பில் கம்பியைத் திருகி நீட்டலாம் என்று விற்கிறார்கள், கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் திருகு நழுவிக் கம்பி உள்ளே இறங்கிவிடுகிறது. கம்பியும் விரல் தடிமன்தான், இறுக்கிப் பிடித்தே மணிக்கட்டு வலிக்கிறது. 10 லிட்டர் தண்ணீர் பிடித்தால் வாளியை விட்டுவிட்டுத் தண்ணீரே 10 கிலோ, வாளிக்கு அடியில் சக்கரம் வைத்தால் அதைச் செய்கிறவர்கள் குறைந்தா போவார்கள்?

விளக்குமாறு கட்டி விற்கும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் நெஞ்சளவுக் கழி போட்டும் விற்கலாம், கொஞ்சம் விலை கூடினாலும் ஆள் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது, நாலைந்து வீடு பெருக்குகிறவர்களுக்கு அவர்கள் இதை இலவசமாகவே தரலாம். அதுவரை, வீட்டில் பழைய மாப் கம்பு கிடந்தால் விளக்குமாற்றை அதில் சணலால் கட்டிக்கொள்ளுங்கள். மேலே ஒரு கட்டு, ஒரு சாண் கீழே இன்னொன்று. ஒரே கட்டாகப் போட்டால் ஆடும்.

ஒரு வாசகி,
திருச்சி