1873-இன் பாண்டோமைமை அப்படியே போடாதீர்கள்: மெல்பர்ன் நாடகக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்ன் நாடகக் குழுக்களின் இயக்குநர்களுக்கும், பழைய நாடகப் பிரதிகளையும் சுவரொட்டிகளையும் காத்து வரும் நூலக, அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மெல்பர்னைத் தலைநகராகக் கொண்ட அன்றைய விக்டோரியா காலனியில் கிறிஸ்துமஸ் தோறும் மேடையேறிய தேவதைக் கதை பாண்டோமைம்களைத் தூசி தட்டி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் சிலருக்காவது இருக்கும். எனக்கும் உண்டு. ஆனால் ‘அன்று இருந்தபடியே’ என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, பழைய பிரதியை வரி பிசகாமல் ஒப்பித்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அந்தப் பிரதிகள் ஒரே ஒரு கோடைக்காக எழுதப்பட்டவை. அந்தக் கோடை முடிந்ததும் அவற்றின் வேலையும் முடிந்தது.

இதைப் படிக்கும் தமிழர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நான் சொல்வது வாய் திறக்காமல் நடிக்கும் மைம் அல்ல. சிண்ட்ரெல்லா, அலாவுதீன், சிந்துபாத் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை இருக்கும். கதாநாயகன் வேடத்தில் ஓர் இளம்பெண் வருவாள். கிழவி வேடத்தில் ஓர் ஆண் வருவான். பாட்டு, சிலேடை, ஊர்க் கிண்டல் எல்லாம் தாராளமாக இருக்கும். ஒரு கட்டத்தில் மேடை முழுவதும் கண்ணெதிரே தேவலோகமாக மாறும். அதற்குப் பிறகு ஹார்லெக்வின், கொலம்பைன், பாண்டலூன், கோமாளி என நான்கு பேர் வந்து ஓடிப் பிடித்து, அடித்து, விழுந்து அமர்க்களம் செய்வார்கள். லண்டனில் டிசம்பர் 26, அதாவது பாக்ஸிங் டே அன்று தொடங்குவது வழக்கம். 1851-இல் தங்கம் கிடைத்து, மெல்பர்னில் கூட்டமும் காசும் சேர்ந்தபோது அந்த வழக்கமும் கப்பலேறி வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த ஊரில் டிசம்பர் என்றால் நடுக்கோடை. வடக்கிலிருந்து அனல்காற்று வீசும். அந்த வெக்கையில் எரிவாயு விளக்குகள் வரிசை வரிசையாக எரியும் அரங்குக்குள் அடைந்து உட்கார்ந்து ஜனங்கள் தேவதைகளைப் பார்த்தார்கள். 1886-இல் புதிதாகக் கட்டிய பிரின்சஸ் தியேட்டருக்கு, விலக்கித் திறக்கும்படியான கூரை போட்டதில் ஆச்சரியமே இல்லை!

1873-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பர்க் தெருவில் இரண்டு அரங்குகள் போட்டி போட்டன. முந்தைய ஆண்டு தீயில் எரிந்து, அதே ஆண்டிலேயே மறுபடி எழுந்து நின்ற தியேட்டர் ராயலில் மார்கஸ் கிளார்க் எழுதிய பாண்டோமைம். ஆமாம், தண்டனைக் கைதிகளின் வாழ்க்கையை நாவலாக எழுதிய அதே கிளார்க்தான். ‘ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்’ என்று தொடங்கும் அதன் நீண்ட தலைப்பில் ஜாக் ஃப்ராஸ்ட் பெயரும் வருகிறது. உறைபனிக்கு உருவம் கொடுத்த பாத்திரம், கொளுத்தும் வெயிலில்! அதே தெருவில் இருந்த ஆப்பரா ஹவுஸில் கார்னெட் வால்ச் எழுதிய ‘ஆஸ்திரேலியா ஃபெலிக்ஸ்’. அதில் குக்கபரா பறவை உண்டு. ஒரு மந்திர மட்டையும் உண்டு. ஹார்லெக்வின் கையில் வழக்கமாக இருக்கும் மந்திரக்கோலின் இடத்தை வால்ச் கிரிக்கெட் மட்டைக்குக் கொடுத்துவிட்டார்.

ஏன் கிரிக்கெட் மட்டை? டபிள்யூ. ஜி. கிரேஸின் இங்கிலாந்து அணி அந்தக் கோடையில் மெல்பர்னுக்கு வந்திருந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. விக்டோரியா தரப்பில் 18 பேரும் இங்கிலாந்து தரப்பில் 11 பேரும் ஆடிய ஆட்டத்தில் விக்டோரியா ஜெயித்தது. பகலில் மைதானத்துக்குப் போனவர்கள் இரவில் அரங்கத்துக்கு வந்து அந்த மட்டையைப் பார்த்தபோது எழுந்த கைதட்டலைக் கற்பனை செய்து பாருங்கள். இப்போது அதே வசனத்தை அப்படியே மேடையில் சொன்னால் யார் சிரிக்கப் போகிறார்கள்? நிகழ்ச்சிக் குறிப்பில் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியிருக்கும். விளக்கிச் சொல்லும் நகைச்சுவைக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது.

எங்கள் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவர் வருவார். மேடையில் நடப்பது துரியோதனன் சபையாக இருக்கும். அவர் பேசுவது அந்த ஊர் ரேஷன் கடையைப் பற்றியும் பஞ்சாயத்துத் தலைவரைப் பற்றியும் இருக்கும். விடியவிடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்தான். போன வருஷம் பக்கத்து ஊரில் அவர் பேசியதை எழுதி வைத்து இந்த வருஷம் இங்கே படித்தால் அது கூத்தாகுமா?

இந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். 1850-களிலும் 60-களிலும் மெல்பர்ன் பாண்டோமைம்களை எழுதித் தள்ளிய டபிள்யூ. எம். அகர்ஸ்ட் ஒரு பத்திரிகைக்காரர். வால்ச் பத்திரிகைக்காரர். கிளார்க்கும் அப்படியே. காலையில் செய்தி, மாலையில் சிலேடை. அச்சடித்த பாட்டுப் புத்தகங்கள் உங்கள் அலமாரிகளில் இருக்கலாம். ஆனால் நடிகர்கள் நின்ற இடத்தில் சேர்த்துக்கொண்ட பேச்சும், மேல்மாடிக் கூட்டம் அதற்குக் கொடுத்த பதிலும் அந்தப் புத்தகங்களில் இல்லை.

சரி, அப்படியானால் எதைத்தான் அன்று இருந்தபடியே செய்யலாம்? உருமாறும் காட்சியைச் செய்யலாம். அதில் கஞ்சத்தனமே வேண்டாம். பிரெமனில் பிறந்து 1850-களில் மெல்பர்னுக்கு வந்த ஜான் ஹென்னிங்ஸ் போன்ற திரை ஓவியர்களுக்கு நடிகர்களுக்குச் சமமான பெயர் இருந்த காலம் அது. மெல்லிய வலைத்துணியில் காட்சிகளைத் தீட்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டு, பின்னாலிருந்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே ஒவ்வொரு திரையாக விலக்குவார்கள். குகை கரைந்து காடாகும். காடு கரைந்து பவளத் தீவாகும். சுண்ணாம்புக் கட்டியை ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் சுடரில் பழுக்கக் காய்ச்சி எடுத்த வெண்ணொளி தேவதை முகத்தில் விழும். எல்.இ.டி. திரை ஒன்றை மாட்டிவிட்டு இதுதான் உருமாற்றம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஆனால் அந்தத் தேவதைகள் எப்படி அந்தரத்தில் நின்றார்கள் என்பதையும் காட்டுங்கள். இரும்புச் சட்டங்களில் இளம்பெண்களை வாரால் கட்டி உயரே தூக்கினார்கள். உடம்பில் மெல்லிய மஸ்லின், பக்கத்தில் திறந்த சுடர். 1844-இல் லண்டன் ட்ரூரி லேன் மேடையில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனப் பெண்ணின் உடை விளக்கில் பற்றிக்கொண்டது. அந்தத் தீக்காயத்தில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதே மஸ்லின், அதே சுடர்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. அலாவுதீன் கதையைச் சீனாவில் நடப்பதாகப் போடுவது பாண்டோமைம் வழக்கம். முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர்கள் சீனர்களாக வந்து உளறுவார்கள். தியேட்டர் ராயலின் முதுகுப்புறம் லிட்டில் பர்க் தெரு. அங்கே உண்மையான சீனர்கள் கடை வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1855-இல் இதே காலனி, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டது. ஒரு தெருவில் வரி கட்டியவர்கள், அடுத்த தெருவில் அவர்களைப் பார்த்துச் சிரிப்பு. 1895-இல் பிரின்சஸ் தியேட்டரில் நாடகத் தயாரிப்பாளர் ஜே. சி. வில்லியம்சன் ஜப்பானைக் களமாக வைத்து ‘ஜின் ஜின்’ என்ற பிரம்மாண்டமான பாண்டோமைமைப் போட்டார். ஆறே ஆண்டுகளில், 1901-இல், ஆசியர்களை உள்ளே விடாத குடியேற்றத் தடைச் சட்டம் வந்துவிட்டது. நாடகம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. மேடையில் ஆசியாவின் பட்டும் விளக்கும் வேண்டும், தெருவில் ஆசியர்கள் வேண்டாம் என்ற மனநிலை இரண்டிலும் தெரிகிறது. இந்தப் பகுதிகளைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று விற்பதும் சரியில்லை. அப்படியே நடித்துக் காட்டுவதும் சரியில்லை. நடிக்காதீர்கள். ஆனால் அரங்க வாசலில் அந்தச் சுவரொட்டியையும் வரி உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். எறும்பு, பூ, குட்டிச்சாத்தான், பொம்மைச் சிப்பாய் என்று பாண்டோமைம் மேடையை நிறைத்தவர்கள் சிறுவர் சிறுமியர். ஏழை வீடுகளுக்கு அந்தக் கூலி உதவியாக இருந்தது என்பதும் உண்மை. இங்கிலாந்தில் 1889-ஆம் ஆண்டுச் சட்டம், 7 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மேடையேற்றத் தடை விதித்து, 7 முதல் 10 வயது வரையுள்ளவர்களுக்கு உரிமம் வேண்டும் என்றது. அதற்கே பெரிய சண்டை நடந்தது.

இங்கே எனக்கு ஒரு தனி அக்கறை இருக்கிறது. 1880-இல் டாஸ்மேனியாவின் லான்செஸ்டனில் தொடங்கிய பொல்லார்ட் லில்லிபுட் ஆப்பரா கம்பெனி, பிள்ளைகளை மட்டுமே வைத்து இசை நாடகங்கள் போட்டு ஊர் ஊராகச் சுற்றியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்தர் பொல்லார்ட், 1909-இல் மெல்பர்னிலிருந்து ஒரு குழுவைக் கிழக்கு நாடுகளுக்கு அழைத்துப் போனார். 1910 தொடக்கத்தில் அந்தக் குழு மதராசுக்கு வந்தபோது, அடிக்கிறார், சரியாகச் சாப்பாடு போடுவதில்லை என்று சொல்லிப் பிள்ளைகள் அவருக்காக நடிக்க மறுத்துவிட்டார்கள். விஷயம் மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போனது. பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்து, இப்படிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு நடிக்க அழைத்துப் போவதைக் கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனிகள் தலையெடுத்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு சபை தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அப்படிப்பட்ட கம்பெனிகளில் சின்ன வயதில் சேர்ந்தவர்கள். அந்தப் பெருமையைச் சொல்லும் நாங்களும், பெயர் தெரியாமல் போன மற்றப் பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் சாதாரணமானவை. சிந்துபாத்தோ சிண்ட்ரெல்லாவோ, கதையை வைத்துக்கொள்ளுங்கள். வசனத்தை இந்த டிசம்பருக்காக, மெல்பர்ன் டிராமையும் வீட்டு வாடகையையும் முதலமைச்சரையும் கிண்டல் செய்யத் தெரிந்தவர்களிடம் எழுதச் சொல்லுங்கள். அதில் ஒருவராவது லிட்டில் பர்க் தெருப் பக்கமிருந்து வரட்டும். மெல்பர்ன் புறநகரான டான்டினாங்கிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாலும் நல்லதே. திரை ஓவியரையும், விளக்கு பிடித்தவரையும், சின்னப் பிள்ளைகளையும் நிகழ்ச்சிக் குறிப்பில் நடிகர்களுக்குச் சமமான எழுத்தில் போடுங்கள். பிள்ளைகளை எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் அதிலேயே அச்சிடுங்கள். தொடக்க நாள் டிசம்பர் 26-ஆகவே இருக்கட்டும். அன்று பகலில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யில் டெஸ்ட் ஆட்டம் இருக்கும். மேல்மாடி டிக்கெட்டை மலிவாக வைத்தால், ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேரே உங்கள் அரங்குக்கு வருவார்கள். ஸ்கோரை வசனத்தில் சேர்க்க உங்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. வால்ச்சுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

அன்புடன்,
மெல்பர்னில் வசிக்கும் ஒரு கூத்து ரசிகர்