தெருவில் சண்டை போடும் முன் ஸ்டில்ட்டை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வாகனம் நிறுத்துவதை ஒட்டி அண்டை வீட்டாரிடையே மூளும் தகராறுகள் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. கைகலப்பு, காவல் நிலையம், இரு தரப்புப் புகார் என்பதோடு அந்தச் செய்தி முடிந்துவிடும். பிரச்சினை முடிவதில்லை. தெருவில் வெடிக்கும் இந்தச் சண்டைகள் பலவற்றுக்கு வேர் காம்பவுண்டுக்குள், அடுக்ககத்தின் ஸ்டில்ட்டில், அதாவது கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்த விட்ட தரைத்தளத்தில்தான் இருக்கிறது. அனுமதி வரைபடத்தில் காட்டிய கார் இடங்கள் உள்ளபடியே இருந்தால், தெருவில் நிற்கும் கார்களில் கணிசமானவை உள்ளே போய்விடும்.

மடிப்பாக்கம், நங்கநல்லூர், கொளத்தூர் போன்ற பகுதிகளில் அதிகம் பார்ப்பது, ஒன்றிரண்டு கிரவுண்டு மனையில் எழுந்த ஆறு அல்லது எட்டு வீடுகள் கொண்ட கட்டடம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையிலோ, எட்டு வீட்டுக்கு மிகாமலோ கட்டும் திட்டத்தை ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். ஆகவே இத்தகைய கட்டடங்கள் அந்தப் பதிவுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பதிவான பெரிய திட்டங்களின் வரைபடத்தை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், இவற்றின் வரைபடம் அங்கே கிடைக்காது. கிரயப் பத்திரத்தைப் புரட்டினால் ‘ஒரு கவர்டு கார் பார்க்கிங்’ என்று ஒற்றை வரி இருக்கும். எண் இருக்காது, அளவு இருக்காது. எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவில் என்பதும் இருக்காது. பில்டர் வாய்மொழியாகக் காட்டிவிட்டுப் போன இடத்தை வைத்து, முதலில் குடிவந்தவர் நல்ல இடத்தைப் பிடிக்கிறார். கடைசியில் வந்தவருக்குத் தெருதான் மிஞ்சுகிறது.

இதில் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வது அவசியம். ரியல் எஸ்டேட் சட்டம் திறந்தவெளி வாகன நிறுத்துமிடத்தைப் பொதுப்பகுதி என்றே வரையறுக்கிறது. கேரேஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருக்க வேண்டும் என்கிறது. தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் ஸ்டில்ட் இடத்தை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது கடினம். இதற்கு முன்பே, 2010 ஆகஸ்டில், நகல்சந்த் லாலூசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், ஸ்டில்ட் நிறுத்துமிடத்தைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் அடிப்படையில் வந்த தீர்ப்பு என்றாலும் தர்க்கம் இங்கும் பொருந்தும். வீட்டுக்காரருக்கு இருப்பது அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமை. அதற்குச் சுவர் எழுப்பி ஷட்டர் போடவோ, அறையாக்கி வாடகைக்கு விடவோ, கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாதவருக்கு விற்கவோ அந்த உரிமை போதாது. நிறுத்துமிடத்தைக் கடையாகவோ குடோனாகவோ மாற்றினால் திட்ட அனுமதியை மீறியதாகும். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்கீழ் நோட்டீஸ், பிறகு பூட்டி சீல் வைப்பது வரை போகலாம்.

அடுக்கக உரிமையாளர் சங்கம் முதலில் செய்ய வேண்டியது அனுமதி வரைபடத்தின் நகலை வாங்குவது. பில்டர் தராவிட்டால், அனுமதி கொடுத்த சிஎம்டிஏவிடமோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாநகராட்சியிடமோ 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். திட்ட அனுமதி எண்ணும் ஆண்டும் பெரும்பாலும் கிரயப் பத்திரத்தின் முன்பகுதியிலேயே இருக்கும். அதை மனுவில் எழுதாவிட்டால் ‘கோப்பைக் கண்டறிய இயலவில்லை’ என்று பதில் வர வாய்ப்பு உண்டு.

வரைபடம் கைக்கு வந்ததும் டேப் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி ஒரு கார் இடம் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்டது. டூ வீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர். அளந்து பார்த்தால் மூன்று விதத் தவறுகள் வழக்கமாகத் தெரியவரும். தூண்களின் பருமனைக் கணக்கில் எடுக்காமல் கோடு போட்டிருப்பார்கள். நிகர அகலம் 2.2 மீட்டர் ஆகிவிடும், காரை உள்ளே விட்டால் கதவைத் திறக்க முடியாது. இரண்டாவது, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு இடங்களை இரண்டு வெவ்வேறு வீடுகளுக்குக் கொடுத்திருப்பார்கள். உள்ளே நிற்பவர் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் முன்னால் நிற்பவரை எழுப்ப வேண்டும். இப்படிப்பட்ட ஜோடி இடங்களை இரண்டு கார் உள்ள ஒரே வீட்டுக்குத்தான் ஒதுக்க வேண்டும். தினசரிச் சண்டையை விலைக்கு வாங்குவது என்றால், அது இவற்றை இரு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான். மூன்றாவது, மோட்டார் அறை, ஜெனரேட்டர், வாட்ச்மேன் அறை, பழைய கட்டில் என்று எல்லாம் வரைபடத்தில் கார் காட்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

டூ வீலர்களுக்கு ஒரே ஒரு கார் இடத்தை ஒதுக்கினால் ஐந்து வண்டிகளைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடக்க 70 சென்டிமீட்டரும் விடலாம். ஆளுக்கொரு தூணோரமாகச் சாய்த்து வைத்தால் அதே ஐந்து வண்டிகள் மூன்று கார்களின் வழியை மறிக்கும். சைடு ஸ்டாண்டுக்குப் பதில் சென்டர் ஸ்டாண்டு என்ற விதியை எழுதிவைத்துக் கடைப்பிடிப்பதும் இடத்தை மிச்சப்படுத்தும்.

அளந்து முடித்தபின் ஒவ்வொரு இடத்துக்கும் தரையில் எண் எழுதி, எந்த எண் எந்த வீட்டுக்கு என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பத்திரத்தில் உரிமை தெளிவாக உள்ளவருக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை மற்றவர்களுக்குக் குலுக்கல் போடலாம். இடங்கள் வீடுகளைவிடக் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை சுழற்சி வைப்பது நியாயம். இரண்டாவது கார் வைத்திருப்பவர் யாருக்கும் மிஞ்சாத இடத்தை மட்டுமே, மாதக் கட்டணம் கட்டி எடுக்கலாம். கட்டணம் சங்கக் கணக்கில் சேர வேண்டும், செயலாளர் கையில் அல்ல. கார் இல்லாத வீட்டுக்காரர் தன் இடத்தை வெளியாளுக்கு விட்டுவிட்டால் இரவில் யார் வருகிறார்கள் என்பதே தெரியாமல் போகும். கட்டடத்தில் குடியிருப்போருக்கு மட்டும் விடலாம் என்று பை-லாவில், அதாவது சங்கத்தின் துணைவிதிகளில் எழுதிவிட வேண்டும். வீட்டை வாடகைக்கு விடும்போது ஒப்பந்தத்தில் நிறுத்துமிட எண்ணையும் குறிப்பிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மின்சாரக் கார் வந்தபின் ஒரு புதுத் தகராறும் சேர்ந்திருக்கிறது. பொது மீட்டரிலிருந்து சார்ஜ் ஏற்றினால் மற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து தனி வயர் இறக்குவதே முறை. 3.3 கிலோவாட் சார்ஜர் மணிக்கணக்கில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 16 ஆம்பியர் சாக்கெட், எர்த், சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபியோடு, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நீட்டிச் சார்ஜ் ஏற்ற அனுமதிக்கவே கூடாது.

விதியை மீறுபவரைச் சங்கம் என்ன செய்யலாம்? 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முறையாகப் பதிவான சங்கத்தின் பை-லா உரிமையாளர்களைக் கட்டுப்படுத்தும். அபராதம் விதிக்க பை-லாவில் இடம் இருந்தால், எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்தபின் விதிக்கலாம். தண்ணீரை நிறுத்துவது, லிஃப்டைத் தடுப்பது, குப்பை எடுக்க மறுப்பது எல்லாம் கூடாது. வாடகைதாரரின் அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவே தடுக்கிறது. இன்னொரு சிக்கல்: சங்கங்கள் பதிவு சட்டத்தின்கீழ் பதிவு செய்துவிட்டு, ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியலையும் கணக்கையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்கள் நிறைய. அப்படிப்பட்ட சங்கம் போடும் அபராதத்தை எதிராளியின் வக்கீல் ஒரே கேள்வியில் ஆட்டம் காணச் செய்துவிடுவார்.

இனி தெரு. ‘என் வீட்டு முன்னால் யாரும் நிறுத்தக் கூடாது’ என்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. தெரு பொதுச் சொத்து. ஆனால் கேட் வேறு, சுவர் வேறு. 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி ஒரு மனையின் நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது. நடைபாதையிலும் பாதசாரி கடக்குமிடத்திலும் கூடாது. மீறினால் தமிழ்நாட்டில் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500 ரூபாய் அபராதம். வண்டியை இழுத்துச் செல்லவும் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. கேட்டை விட்டு விலகி, சுவரோரமாக நிற்கும் காரை அந்த வீட்டுக்காரர் அகற்றச் சொல்ல முடியாது.

அதே நேரம், நிறுத்தலாம் என்பதால் எங்கும் நிறுத்தலாம் என்று ஆகிவிடாது. 20 அடித் தெரு என்பது சுமார் 6.1 மீட்டர். ஒரு கார், கண்ணாடியும் சுவரோர இடைவெளியும் சேர்த்து 2.2 மீட்டரை எடுத்துக்கொள்ளும். இருபுறமும் நின்றால் நடுவில் மிஞ்சுவது 1.7 மீட்டர். ஆம்புலன்ஸே சுமார் 2 மீட்டர் அகலம், தீயணைப்பு வண்டி சுமார் 2.5 மீட்டர். ஆகவே 20 அடித் தெருவில் ஒரு பக்கம் மட்டும்தான் நிறுத்த முடியும். 30 அடித் தெருவில் இருபுறமும் நிறுத்தினால் 4.7 மீட்டர் மிஞ்சும், ஆனால் மின்கம்பமும் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸும் வீட்டு ராம்ப்பும் அதில் ஒரு மீட்டரையாவது தின்றுவிடும். வடிகாலை மூடி, தெருவில் மூன்றடி நீட்டிக் கட்டிய ராம்ப்தான் குறுகிய தெருவின் பெரிய எதிரி. பலரும் கவனிக்காதது இன்னொன்று: சிறிய காரின் திரும்பும் ஆரமே ஏறக்குறைய 5 மீட்டர். 20 அடித் தெருவில் கேட்டுக்கு நேர் எதிரே கார் நின்றால், கேட் காலியாக இருந்தும் வண்டியை வெளியே எடுக்க முடியாது. தெருவாசிகள் கூடிப் பேசும்போது கேட்டையும் அதன் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்தே காலி இடமாக ஒப்புக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு பக்கம் என்று மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு. அதைச் சட்டப்படி அமல்படுத்த, போக்குவரத்து உதவி ஆணையரிடம் மனு கொடுத்துக் காவல்துறையின் பலகையே வைக்கப்பட வேண்டும்.

நாமே ‘நோ பார்க்கிங்’ பலகை மாட்டுவதும், மணல் மூட்டை, பூந்தொட்டி, கல், செயின் வைத்து இடம் பிடிப்பதும் பொதுவழியை மறிக்கும் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. டயரில் காற்றைப் பிடுங்குவது, சாவியால் கீறுவது எல்லாம் சொத்தைச் சேதப்படுத்தும் குற்றத்தில் வரும். வேண்டுமென்றே முன்னால் வண்டியைப் போட்டு மறித்தால் 126ஆம் பிரிவின்கீழ் சட்டவிரோதத் தடுப்பு. நியாயம் நம் பக்கம் இருந்தாலும், காற்றைப் பிடுங்கிய அந்த ஒரு நிமிடத்தில் புகார்தாரர் குற்றவாளி ஆகிவிடுகிறார். சிசிடிவியில் பதிவாவதும் அந்த நிமிடம்தான்.

செய்ய வேண்டியது எளிது. கேட், நம்பர் பிளேட், தெரு மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி நேரத்தோடு புகைப்படம் எடுத்துவிட்டு, போக்குவரத்துக் காவல்துறையின் 103க்கு அழைக்கலாம். மாதக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும் வண்டிக்கு மாநகராட்சியின் உதவி எண் 1913. திருட்டு வண்டியாகவோ வழக்கில் உள்ளதாகவோ இருக்கலாம் என்பதால் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுப்பது நல்லது. தொடர்ச்சியான மறிப்பு என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ், நிர்வாக நடுவர் அதிகாரம் பெற்ற கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவு. காரின் முன்கண்ணாடியில் கைபேசி எண் எழுதிய அட்டை வைத்தாலே இவற்றில் பெரும்பாலானவை தேவைப்படாது.

மழைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். வேளச்சேரியில் கனமழை எச்சரிக்கை வந்தால் மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டுவதை நகரமே பார்க்கிறது. தாழ்வான ஸ்டில்ட்டில் தண்ணீர் ஏறும் பகுதிகளில், மேடான தெருவில் எத்தனை கார்கள், எந்தப் பக்கம் நிற்கலாம் என்பதை அக்டோபருக்கு முன்பே சங்கங்களும் போக்குவரத்துக் காவல்துறையும் முடிவு செய்துவிட வேண்டும். உயிருக்குப் பயந்து காரை மேட்டில் விட்டவரோடு நள்ளிரவில் சண்டை போடுவது நியாயமல்ல.

அரசுக்கு இரண்டு கோரிக்கைகள். எட்டு வீட்டுக்கு உட்பட்டவை உள்பட எல்லா அடுக்ககங்களின் அனுமதி வரைபடங்களையும் கதவு எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கும்படி சிஎம்டிஏவும் மாநகராட்சியும் இணையத்தில் வெளியிட வேண்டும். அடுக்கக வீட்டின் கிரயப் பத்திரத்தில் நிறுத்துமிட எண், நீள அகலம், வரைபடத்தின் நகல் மூன்றும் இல்லாவிட்டால் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்று பதிவுத்துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
அடுக்ககவாசி ஒருவர்,
சென்னை.